அரிசி கொடுக்கலாம், சட்டம் கேட்கக் கூடாதா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியில் மலைகள் சரிந்தபோது, நாட்டில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்றாயிற்று. அந்த நாட்களில் விகாரை மண்டபங்கள் திறந்தன, கோயில் மடங்கள் திறந்தன, பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் பாய் விரித்தார்கள். சோற்றுப் பார்சல் கட்டியவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை, வாங்கியவர்களிடமும் கேட்கவில்லை. எல்லாரும் பாராட்டினோம். பாராட்டத்தான் வேண்டும்.

அதே குருமார் ஒரு படி மேலே போய், லயம் மண்ணோடு போன குடும்பத்துக்குச் சொந்தக் காணி எங்கே, கையில் உறுதி இல்லாதவருக்கு வீட்டு நட்டஈடு எந்தச் சட்டத்தின் கீழ் வரும், அப்படி ஒரு சட்டம் இல்லையென்றால் எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடுகிறது. "அது அரசியல். மதத்தார் மதத்தோடு நிற்கட்டும்." இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். படித்தவர்கள், இனவாதத்தை வெறுப்பவர்கள், தோட்டத் தொழிலாளர் நிலைமைக்காக உண்மையாகவே வருந்துபவர்கள். கொழும்பிலும் கண்டியிலும் தமிழில் எழுதுவோரிடையே இது இன்று ஏறக்குறைய பொதுக்கருத்து. தானம் செய்யலாம், சட்டம் கேட்கக் கூடாது என்கிறது அது. இந்தக் கருத்து தலைகீழானது என்பதே என் வாதம். மதத்தார் ஏழைகளுக்காகச் செய்யக்கூடிய காரியங்களில் மிகவும் நேர்மையானது, ஐயத்துக்கு மிகக் குறைவாக இடம் தருவது, சட்டம் கேட்பதுதான்.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். கண்டியில் வாழும் ஒரு தமிழருக்கோ முஸ்லிமுக்கோ மதமும் சட்டமும் கைகோப்பதைக் கண்டால் அடிவயிறு கலங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 1957 ஜூலையில், தமிழருக்குப் பிரதேச அளவில் அதிகாரம் தர இசைந்த பண்டா–செல்வா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தன அந்த ஒப்பந்தத்துக்கு எதிராகக் கொழும்பிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டபோது அவர் சேர நினைத்த இடம் கண்டி தலதா மாளிகை. இம்புல்கொடையில் அந்த ஊர்வலம் தடுக்கப்பட்டது. ஆனால் 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குமார் றோஸ்மீட் பிளேஸில் பிரதமர் வீட்டின் முன் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் கிழிந்தது. 2004இல் பிக்குமாரின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணைப் பக்கமும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 2021 ஒக்டோபரில் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்ற ஜனாதிபதிச் செயலணிக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் பொதுபல சேனாவின் ஞானசார தேரர். இவ்வளவையும் பார்த்த ஒருவர், காவியும் வெள்ளங்கியும் சட்டமன்றப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த நினைப்பு நடைமுறையில் யாரைக் கட்டுப்படுத்துகிறது? 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி மகுல் மடுவையில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவே பௌத்தத்தின் பாதுகாப்பைப் பற்றியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. பதவியேற்ற ஜனாதிபதியானாலும் பிரதமரானாலும் மல்வத்தைக்கும் அஸ்கிரியவுக்கும் போய் மகாநாயக்க தேரர்களை வணங்கி ஆசி வாங்குவது வழக்கம். புதிய அரசியலமைப்புப் பேச்சு எழுந்த ஒவ்வொரு முறையும் அந்த இரு பீடங்களின் கருத்துக்காக நாடு காத்திருக்கிறது. இதை நான் பழியாகச் சொல்லவில்லை. கண்டியில் அரசும் மதமும் ஒருபோதும் தனித்தனி வீட்டில் குடியிருந்ததில்லை என்ற நடப்பைச் சொல்கிறேன். ஆகவே "மதத்தார் சட்டத்தில் தலையிடக் கூடாது" என்ற விதி பலமுள்ளவரைத் தொடுவதே இல்லை. அதற்குக் கட்டுப்படுவோர் லயங்களுக்குள் ஏறி இறங்கும் கன்னியாஸ்திரியும், தோட்டக் கோயில் பூசகரும், கிராமத்து விகாரையில் இருக்கும் இளம் பிக்குவும்தான். பெரிய குரல்கள் பேசிக்கொண்டே இருக்க, சின்னக் குரல்களை மட்டும் நாமே அடக்கிக் கொடுக்கிறோம்.

1957இன் தவறு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். புறப்பட்டவர்கள் தெய்வத்தின் பேரைச் சொன்னது தவறன்று. இன்னொரு இனத்தாருக்கு ஓர் உரிமை கிடைத்துவிடக் கூடாது என்று அவர்கள் கேட்டதுதான் தவறு. அதையே மதத்தின் வாடை சிறிதும் இல்லாத ஒரு கட்சி கேட்டிருந்தாலும் அதே அநியாயமாகத்தான் இருந்திருக்கும். 1948இல் அப்படித்தான் நடந்தது. தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை எந்த விகாரையும் எந்தக் கோயிலும் எழுதவில்லை. கோட்டும் சூட்டும் போட்ட கனவான்கள் பாராளுமன்ற முறைப்படி, வாக்கெடுப்பு நடத்தி, மேசையைத் தட்டி நிறைவேற்றினார்கள். மதச்சார்பின்மை அங்கே நம்மைக் காப்பாற்றவில்லை.

இனிக் கண்டியிலேயே நடந்த மறுபக்கக் கதைக்கு வருகிறேன். 1972இல் புஷ்பதான மாவத்தையில் ஒரு வீட்டில் சத்யோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கினார் அருட்தந்தை போல் காஸ்பர்ஸ். யேசு சபைத் துறவி. அவர் தமிழரும் அல்லர், இந்துவும் அல்லர். அவர் எடுத்துக்கொண்ட வேலையோ பெரும்பாலும் இந்துக்களான தமிழ்த் தொழிலாளரின் பாடு. அதே வீட்டில் சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒன்றாக வாழ்ந்து வேலை செய்தார்கள். இரண்டு ஆண்டுகளில், 1974இல், தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் கண்டியில் உருவானது. 1972 வரை கண்டி ஆயராக இருந்து பின்பு பதுளையின் முதல் ஆயரானவர் லியோ நாணயக்கார. பெனடிக்ற் சபையைச் சேர்ந்தவர். தோட்ட மக்களின் பக்கம் திருச்சபை நிற்க வேண்டும் என்பதில் அவரும் உறுதியாக இருந்தார்.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதை இன்றைய வாசகர் பலர் அறியமாட்டார்கள். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. கண்டி மாவட்டத்து நடுத்தர உயரத் தோட்டங்கள் பல அரசின் கைக்குப் போயின. நிலத்தைச் சீர்திருத்திய சட்டம் அந்த நிலத்தில் நான்கு தலைமுறையாக உழைத்தவரை ஒரு மனிதராகக்கூடக் கணக்கெடுக்கவில்லை. அவர் குடிமகன் அல்லவே. பல தோட்டங்களில் தொழிலாளர் விரட்டப்பட்டார்கள். கூப்பன் அரிசியும் மாவும் வெட்டப்பட்ட 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி நகரங்களின் தெருவோரங்களில் கொழுந்து பறித்த கைகள் பிச்சைக்கு நீண்டன. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் காணிப் பறிப்பை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த நிலையில் சத்யோதயம் சோற்றுப் பார்சலோடு நின்றிருக்கலாம். அப்படி நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர்கள் ஆய்வு செய்தார்கள், அறிக்கை வெளியிட்டார்கள், குடியுரிமை, கூலி, குடியிருப்பு என்று சட்டத்தின் வாசலைத் தட்டினார்கள். 1979இல் இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் தோன்றியபோது காஸ்பர்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். அதே ஆண்டில்தான் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தலைமையின் எடை புரியும். இதில் அவருடைய சபைக்கு என்ன லாபம்? ஒரு தேவாலயம் கூடியதா, ஒரு தலை கூடியதா? தன் மந்தைக்கு வெளியே இருப்பவருக்காக ஒருவர் சட்டம் கேட்கும்போது, அவருடைய மதத்தைப் பார்த்து நாம் பயப்பட வேண்டிய காரணம் அற்றுப்போகிறது. ஒரு மதக் குரல் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். உரிமையைக் கூட்டக் கேட்கிறதா, குறைக்கக் கேட்கிறதா? அந்த உரிமை கேட்பவருடைய கூட்டத்தாருக்கு மட்டுமா, வெளியே இருப்பவருக்கும் சேருமா? 1957 ஊர்வலம் முதல் கேள்வியிலேயே விழுகிறது. சத்யோதயம் இரண்டிலும் நிற்கிறது.

தானத்துக்குக் கைதட்டிச் சட்டத்துக்கு முகம் சுளிப்பது ஏன் தலைகீழ் என்று இப்போது சொல்லலாம். இந்த நாட்டில் ஏழைக்கு ஒரு மதத்தார் பால்மா டின் கொடுத்தாலும் மதமாற்றம் என்ற பேச்சு எழும். அது ஊர்வம்போடு நிற்கவும் இல்லை. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டபூர்வமாக இணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பொருளுதவியும் மதப்பரப்பும் ஒன்றாக இருப்பது நலிந்தவரின் சிந்தனைச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்ற வகையில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அந்த முடிவு அச்சகோதரிகளின் உரிமையை மீறியது என்று கருத்துரைத்தது. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் கவலை முழுப் பொய் என்றும் சொல்லமாட்டேன். கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் இடையில் மேல் கீழ் இருக்கிறது. வாங்கியவர் நன்றிக்கடன் படுகிறார். அடுத்த ஞாயிறு அழைத்தால் போகாமல் இருக்க முடியாது என்று நினைக்கிறார். கோயில் அன்னதானத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. வரிசையில் யார் முன்னால் என்பதில் சாதி தலைகாட்டும் இடங்களை மலையகத்தில் நாம் பார்த்திருக்கிறோம்.

சட்டத்தால் வரும் உரிமையில் இந்த மேல் கீழ் இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மிச்சமிருந்த நாடற்றவருக்கெல்லாம் குடியுரிமை தந்தபோது அது யாரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை, திருநீறு பூசியிருக்கிறாயா என்று பார்க்கவில்லை. 1984இல் தோட்டத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமசம்பளம் வந்தபோது சம்பளச் சீட்டில் தெய்வத்தின் பேர் எழுதப்படவில்லை. பெற்றவர் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. கேட்டுக் கொடுத்தவர் இன்னார் என்று தெரிந்திருக்கக்கூட வேண்டியதில்லை. மதமாற்றத்துக்கு உண்மையாகவே அஞ்சுபவர், மதத்தார் தானம் செய்வதை விட்டுவிட்டுச் சட்டம் கேட்க வேண்டும் என்றல்லவா வற்புறுத்த வேண்டும்?

அடுத்து ஒரு வாதம் வருகிறது, குறிப்பாக இடதுசாரி நண்பர்களிடமிருந்து. மதம் ஏழையைச் சாந்தப்படுத்தும், தொழிற்சங்கம்தான் போராடும், இரண்டையும் குழப்பாதே என்பது அது. இதற்குப் பதில் 1986 ஜனவரியில் இருக்கிறது.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தானது. நாடற்ற 975,000 மனிதரை இலங்கை, இந்திய அரசுகள் பங்கு போட்டன. 1974இல் மிச்சம் 150,000 பேரையும் பாதிபாதியாகப் பிரித்தன. கணக்கின்படி இந்தியா எடுக்க வேண்டியது 600,000. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களோ 506,000 பேர்தான். இடையில் நின்ற 94,000 பேர் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது ஜயவர்த்தன அமைச்சரவையில் இருந்தார். 1983 ஜூலையின் காயம் ஆறவில்லை, வடக்கில் போர், தமிழர் கூட்டம் கூடினாலே சந்தேகம். அந்த நேரத்தில் அவர் பிரார்த்தனை இயக்கத்துக்கு அழைத்தார். தைப்பொங்கலன்று தொடங்கி, காலையிலிருந்து நண்பகல் வரை தொழிலாளர் தோட்டக் கோயிலில் கூடிப் பிரார்த்தனை செய்வார்கள். அதன் பிறகே வேலை.

இது எப்படி வேலை செய்தது என்பதைத் தேயிலை தெரிந்தவரே முழுதாக விளங்கிக்கொள்வார். கொழுந்து ஒருவருக்காகவும் காத்திருக்காது. ஒரு மலையைப் பறித்துவிட்டு வந்தால் ஏறக்குறைய ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்பி வர வேண்டும். தவறினால் இரண்டிலை ஒரு மொட்டு முற்றி, கரட்டு இலையாகிவிடும். அது தரமான தேயிலைக்கு உதவாது. தை மாசி மாதங்களோ மேற்குச் சரிவுத் தோட்டங்களுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலையேற வேண்டிய பெண்கள், கூடையை லயத்து வாசலிலேயே வைத்துவிட்டுக் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கற்பூரம் எரிகிறது, மலையில் கொழுந்து முற்றுகிறது. துரைக்கு அது தெரியும், கொழும்புக்கும் தெரியும். வேலைநிறுத்தம் என்றால் அத்தியாவசிய சேவை என்று அறிவித்துவிடலாம். ஊர்வலம் என்றால் பொலிஸை அனுப்பலாம். சாமி கும்பிடுகிறவரை என்ன செய்வது? சில நாட்களிலேயே அரசு இறங்கி வந்தது. நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கமாக நிறைவேறியது. 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம் மேலும் வழி திறந்தது.

அது பிரார்த்தனையே அல்ல, வேலைநிறுத்தத்துக்குப் போட்ட வேடம் என்று சிலர் எழுதினார்கள். தொண்டமான் கணக்குப் போடத் தெரிந்த அரசியல்வாதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தோட்டத்துப் பெண் மாரியம்மன் முன் உட்கார்ந்து கேட்டது வேடமல்ல. பிள்ளைக்கு ஒரு நாடு வேண்டும் என்று அவள் கேட்டாள். மழை வேண்டும், நோய் தீர வேண்டும் என்று கேட்கிற அதே இடத்தில், அதே மனத்தோடு, பாராளுமன்றத்திலிருந்து வரவேண்டிய ஒன்றைக் கேட்டாள். வேண்டுதலும் போராட்டமும் அவளுக்கு இரண்டு வேறு காரியமாக இருக்கவில்லை. அவற்றைப் பிரித்து வைப்பது நம்முடைய பழக்கம், அவளுடையதல்ல.

மதம் ஏழையை அடக்கி வைத்த வரலாறும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். 1854இல் கண்டிப் பகுதியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டத்துரைமாரின் பணத்தில் நடந்தது. கூலியைப் பற்றி அது துரையிடம் கேள்வி கேட்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? தோட்டக் கோயில் நெடுங்காலம் பெரிய கங்காணியின் அதிகாரத்தில் இருந்தது. தேர் யார் வாசலில் நிற்கும், யாருக்கு முதல் விபூதி என்பதெல்லாம் அவர் சொற்படி நடந்தன. ஆனால் கவனித்துப் பாருங்கள்: அந்த மதம் சட்டத்தைப் பற்றி வாய் திறக்காத மதம். தானம் செய்தது, பாடசாலை வைத்தது, திருவிழா நடத்தியது, அதிகாரத்திடம் மட்டும் எதையும் கேட்கவில்லை. இன்று நம் நண்பர்கள் மதத்தாருக்குச் சிபாரிசு செய்யும் நடத்தை இதேதான். அடக்கி வைக்கும் மதத்தை வெறுத்துக்கொண்டே, அடங்கிக் கிடக்கும் மதத்தை வளர்க்கிறார்கள்.

வாய் திறந்த இடங்களில் என்ன நடந்தது? பாக்கு நீரிணைக்கு அக்கரையில், செங்கல்பட்டு மாவட்டத்தில், பறையர் மக்களுக்கு நிலமே இல்லாத கொடுமையை அடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிமார் விடாமல் எழுதி அரசைத் துளைத்தார்கள். ஆட்சியர் திரெமென்கீர் அறிக்கை எழுதினார். 1892இல் சென்னை மாகாண அரசு நிலம் ஒதுக்கும் ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்காடப்படுவது அதுதான். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றார்; அதையொட்டி ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அங்கே பக்தரே பக்தருக்காகச் சட்டத்தை முன்னால் தள்ளினார். நம் நாட்டில் மாதுளுவாவே சோபித தேரர் நிறைவேற்று ஜனாதிபதி அதிகாரத்தைக் குறைக்கக் கோரி நீதியான சமூகத்துக்கான இயக்கத்தை நடத்தினார். 2015 ஏப்ரலில் நிறைவேறிய 19ஆவது திருத்தத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. காவி உடுத்தவர் அரசியலமைப்பைப் பற்றிப் பேசியதால் அப்போது எந்தச் சிறுபான்மையினருக்கும் தீங்கு வரவில்லை. நன்மையே வந்தது.

பாராளுமன்றம் இருக்கிறது, நம் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது இன்னொரு வாதம். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. குடியுரிமையும் வாக்கும் போன பிறகு 1977 வரை தோட்டத் தொழிலாளரின் வாக்கால் தொண்டமான்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இடையில் கிடைத்தவை நியமனங்கள். வாக்கில்லாதவருக்கு எந்தப் பிரதிநிதி பேசுவார்? அந்த இருண்ட காலத்தில் வாக்குக் கணக்குப் பார்க்கத் தேவையில்லாத சில துறவிகள் பேசினார்கள். வாக்கு வந்த பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதி தோட்டத்துக்குள் போகத் தடையாக இருந்தது. ஒரு பாதை தோட்ட எல்லைவரை தார் போட்டு வந்து, எல்லையில் குழியும் சேறுமாகிவிடும். தொழிலாளி அந்தச் சபைக்கு வாக்களித்திருப்பார். திருத்தம் வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சங்கடமான உதாரணம் ஒன்றையும் தவிர்க்கக் கூடாது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்து, 2018இல்தான் அறிக்கை வெளிவந்தது. குழு இரண்டாகப் பிரிந்தது. மார்க்கத்தின் பேராலேயே திருத்தம் தடுக்கப்பட்டது. இதைக் காட்டி, பார்த்தாயா மதத்தாரின் சட்டத் தலையீட்டை என்கிறார்கள். ஆனால் அந்தத் திருத்தத்துக்காகப் பத்தாண்டுக்கு மேலாக உழைத்துவரும் முஸ்லிம் பெண்கள் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்கள் அல்லர். பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் கூடாது, மணப்பெண்ணின் கையெழுத்து வேண்டும், பெண்களும் காதி நீதிபதியாகலாம் என்று அவர்கள் இறைநம்பிக்கையோடும், நீதி இறைவனின் கட்டளை என்ற வாதத்தோடும் கேட்கிறார்கள். மதத்தார் எல்லாரும் விலகுங்கள் என்ற விதி வந்தால் முதலில் வாய் அடைபடுவது அந்தப் பெண்களுக்குத்தான். தடுக்கிற பெரியவர்களுக்கு மேடை எப்போதும் உண்டு.

2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் காடும் காய்ச்சலும் கடந்து நடந்துவந்த அதே திசையில், மாத்தளையை நோக்கி. மலையக அமைப்புகள் பலவற்றோடு இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் சேர்ந்து நடத்திய பயணம் அது. ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. அவர்கள் நிவாரணம் கேட்டு நடக்கவில்லை. சமமான குடிமக்கள் என்ற அங்கீகாரம், வாழ்வதற்குப் போதுமான கூலி, வீட்டுக்கும் பயிருக்கும் சொந்தக் காணி, தமிழில் அரச சேவை என்று, சட்டத்தாலும் கொள்கையாலும் மட்டுமே தரக்கூடியவற்றைக் கேட்டார்கள். 1957இல் கண்டிக்குப் புறப்பட்ட ஊர்வலத்தையும் 2023இல் மாத்தளைக்கு வந்த நடையையும் ஒரே தராசில் வைத்து, இரண்டும் "மதம் கலந்த அரசியல்" என்று தள்ளுகிறவருக்கு, எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு பாதைகளும் ஒன்றாகத் தெரிகின்றன.

என் மனக்குறை உண்மையில் நம் கோயில்களைப் பற்றியது. காணியும் கூலியும் இல்லாதோரில் பெரும்பாலோர் சைவர். அவர்களுக்காகச் சட்டத்தின் வாசலில் முதலில் நின்றவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். நகரத்துக் கோயில்களின் அறங்காவலர் சபைகளில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், கணக்காளர் இருக்கிறார்கள், வியாபாரிகள் இருக்கிறார்கள். கும்பாபிஷேக மலருக்கு அமைச்சரிடம் வாழ்த்துச் செய்தி வாங்கத் தெரிந்தவர்களுக்கு, அதே அமைச்சரிடம் ஒரு சட்டமூலத்தின் வரைவைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தெரியாதா? தோட்டத்திலிருந்து காவடி தூக்கி வருகிற இளைஞன் அந்தக் கோயிலின் பக்தன் என்றால், அவனுடைய கடிதம் இன்னமும் வீட்டு இலக்கம் இல்லாமல் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்ச் சேருவதும், அங்கே நாட்கணக்கில் கிடப்பதும் கோயிலின் கவலைதான்.

கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. தோட்டக் காணி அரசுடையது. பெரும்பகுதி கம்பனிகளிடம் நீண்ட காலக் குத்தகையில் இருக்கிறது. 2015க்குப் பின் 7 பேர்ச்சஸ் காணியோடு தனி வீட்டுத் திட்டம் வந்தாலும், லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணி பெறும் உரிமை சட்டத்தில் இன்னும் எழுதப்படவில்லை. அமைச்சர் மாறினால் திட்டம் மாறும். உரிமையாக எழுதப்பட்டால் மாறாது. சரிவு அபாயம் என்று அடையாளம் காணப்பட்ட லயத்திலிருந்து குடும்பத்தை எழுப்பும்போது, எங்கே, எவ்வளவு நாளில், யார் பேரில் உறுதி என்பதெல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டும். கணவன் பேரில் மட்டும் அல்லாமல் மனைவி பேரிலும்.

கண்டிக்கென்றே இன்னொரு கேள்வி இருக்கிறது. நுவரெலியாவைப்போல் இங்கே எல்லாம் கம்பனித் தோட்டம் அல்ல. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கங்களில் ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தும் தோட்டங்கள் பல. தொழிலாளியின் சம்பளத்தில் சேமலாப நிதிக்கென்று பிடித்த பணத்தை ஆண்டுக்கணக்கில் உரிய இடத்தில் கட்டாமல் நிலுவை வைத்ததும், ஓய்வுபெற்ற முதியவருக்குப் பணிக்கொடையை இழுத்தடித்ததும் இந்த அரச நிறுவனங்கள்தாம். முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த ஒரு பெண், தன் சொந்தக் காசுக்காகக் காரியாலயப் படியில் காத்திருந்தே கண்ணை மூடுகிறாள். சட்டத்தை மீறும் முதலாளியே அரசாக இருக்கும்போது தொழில் திணைக்களம் யார்மேல் வழக்குப் போடும்? நிலுவையைத் திறைசேரியே நேரடியாகக் கட்ட வேண்டும், ஒரு திகதிக்குள் கட்ட வேண்டும் என்று பாராளுமன்றம் ஒரு சிறு சட்டம் செய்தால் போதும். மல்வத்தையும் அஸ்கிரியவும், கண்டி ஆயர் இல்லமும், நகரத்துக் கோயில் சபைகளும், ஜம்இய்யதுல் உலமாவின் கண்டிக் கிளையும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு இதைக் கேட்கலாம். சூறாவளி நாட்களில் சோற்றுப் பார்சல் கட்ட இவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. இந்தக் கடிதத்துக்கும் தேவையில்லை.